'நஞ்சு' என்ற சொல் பெட்டியின் பக்கத்தில் வந்து நின்ற கதை

அந்தக் காலத்தில், பலர் கூடி எழுதும் விக்கிப் பக்கங்களில் எல்லாமே ஒன்றன்கீழ் ஒன்றாகத்தான் நின்றன. ஒரு பெட்டி போட்டால் அது வரி முழுவதையும் எடுத்துக்கொள்ளும். அதை ஒட்டி எழுதிய சிறு சொல்லுக்குப் பக்கத்தில் இடம் இருக்காது. கீழே இறங்கி, அடுத்த பெட்டியின் தலைக்கு மேல் போய் நிற்கும்.

தூத்துக்குடிக்குத் தெற்கே ஒரு கடற்கரை ஊரில் மெற்றில்டா என்ற பள்ளி ஆசிரியை மீன்களுக்கென்று ஒரு விக்கி நடத்திவந்தாள். விவரம் சொன்னவர் அவள் அண்ணன் ரெமிஜியுஸ். முப்பது வருடம் கடலுக்குப் போனவர். ஒரு மீனுக்குப் படத்தோடு ஒரு பெட்டி. தின்னக் கூடாத மீன் என்றால் பெட்டியை அடுத்துச் சிவப்பில் 'நஞ்சு' என்று எழுதுவாள். பேத்தை மீனுக்கும் அப்படித்தான் எழுதினாள். அதற்கு அடுத்த பெட்டி, எல்லாரும் தின்னும் கிளாத்தி.

ஒரு திங்கட்கிழமை, வகுப்பு முடிந்து வெளியே வந்தவளுக்குத் தொலைபேசி வந்தது. உசிலம்பட்டியிலிருந்து ஒச்சம்மாள் என்றொரு பெண்.

"டீச்சர், அந்த மீன் பக்கம் நீங்க எழுதுறதுதானா?"

"ஆமாம்மா."

"எங்க வீட்டுக்காரரு லோடு இறக்க ஒங்க பக்கம் வந்தவரு, வலையில கலந்து விழுந்த மீனை வாங்கிட்டு வந்தாரு. ரெண்டு சாதி மீனு. பேரு தெரியல. ஒங்க படத்தைப் பாத்தேன். கிளாத்திக்கு மேல நஞ்சுன்னு இருந்துச்சு. அதைக் குழி தோண்டிப் பொதைச்சேன். பேத்தையக் கொழம்பு வச்சேன்."

"சாப்பிட்டது யாரும்மா?" என்றாள் மெற்றில்டா.

"நான் பரிமாறிட்டு நின்னேன். ஒதடு மரத்துப்போச்சுன்னாரு. அப்புறம் கையத் தூக்க முடியல. இப்ப மெஷின் வச்சுத்தான் மூச்சு."

ஒச்சம்மாள் திட்டவே இல்லை. திட்டியிருந்தால்கூடத் தேவலை என்று மெற்றில்டா பிறகு அண்ணனிடம் சொன்னாள்.

"நாம சரியாத்தானே எழுதியிருக்கோம்," என்றார் ரெமிஜியுஸ்.

"எழுதினது சரிதான். அது நிக்கிற இடத்தைப் பாருங்கண்ணே."

பார்த்தார். நூறு தடவை பார்த்த பக்கம்தான். பேத்தைக்கு எழுதிய 'நஞ்சு' கிளாத்தியின் தலைக்கு மேல் நின்றது.

அன்றே விக்கியை மூடினாள். பக்கத்தின் தோற்றத்தைத் தீர்மானிக்கும் சிஎஸ்எஸ் வரிகளைத் திறந்து, பெட்டியும் சொல்லும் ஒரே வரிசையில் பக்கம்பக்கமாக நிற்கும்படி மாற்றினாள். கணினியில் சரியாக நின்றது.

நான்காம் நாள் ஒச்சம்மாளே கூப்பிட்டாள். கணவர் கண் விழித்துவிட்டார். தானாகவே மூச்சு விடுகிறார். மெற்றில்டா அழுது முடித்த பிறகு, அவளுக்கு மட்டும் பக்கத்தைத் திறந்துவிட்டுக் கேட்டாள்.

"ஒங்க போன்ல பாருங்க. நஞ்சுங்கிறது எங்க இருக்கு?"

"இன்னும் கிளாத்தி தலைமேலதான் இருக்கு, டீச்சர்."

மெற்றில்டா தன் போனிலும் திறந்து பார்த்தாள். சின்னத் திரையில் இடம் போதாமல் சொல் மறுபடி கீழே இறங்கியிருக்கிறது. திரை சுருங்கினால் பெட்டிதான் சுருங்க வேண்டும், சொல் இறங்கவே கூடாது என்று இன்னொரு வரி எழுதினாள்.

"இப்ப?"

"பேத்தைக்குப் பக்கத்துல. ஒட்டி நிக்குது."

அன்று முதல்தான் அந்த விக்கியில் எச்சரிக்கைச் சொல் பெட்டியின் பக்கத்திலேயே நிற்கிறது. பக்கத்தை எழுதாத ஒருவர் தன் போனில் பார்த்து, எது நஞ்சு என்று வாய்விட்டுச் சொன்ன பிறகுதான் எந்தப் பக்கமும் வெளியாகிறது.