கொல்லிமலையில் இரண்டு வைப்பர்

"அம்மா, நான் போகணுங்களா, வேண்டாங்களா?"

காரை விட்டு இறங்கியதும் இறங்காததுமாக மாரப்பன் கேட்டார்.

தெய்வானையம்மாள் கூரைச் சரிவின் கீழே உட்கார்ந்து இஞ்சி சுரண்டிக்கொண்டிருந்தார். வயதில் மாரப்பனைவிடப் பத்து வருஷம் சின்னவர். அவருக்கு இருந்த சீடர்கள் எல்லோருமே அப்படித்தான், குருவைவிடக் கிழவர்கள்.

"எங்கே போகணும், மாரப்பண்ணா?"

"நாளைக்குக் காலையில சேந்தமங்கலத்துல எங்கக்கா மக கல்யாணம்."

"தாய்மாமன் நீங்க ஒருத்தர்தானே?"

"ஒருத்தன்தான்."

தாய்மாமன் நெற்றியில் பட்டம் கட்டாமல் பெண் மணவறைக்கு வர முடியாது. அந்தப் பக்கத்து முறை அது.

"அப்புறம் என்ன கேள்வி?"

"வெத்தலை பாக்கு வெச்சு நேர்ல வந்து கூப்பிடணுமா இல்லையா? பத்திரிகையை வாட்ஸ்அப்புல அனுப்பியிருக்காங்க! எனக்கு! பால்காரருக்கும் அதுலதான் போயிருக்கு!"

"பால்காரர் போறாராமா?"

"அவர் போவார். அவருக்கு ரோஷம் ஏதுங்க?"

அம்மா சிரிக்கவில்லை. காரைப் பார்த்தார்.

அந்த ஐப்பசி மழை சாதாரண மழை இல்லை. பலா மரத்துப் பொந்துகளில் தவளைகள் குடியேறி, அணில்களிடம் வாடகை கேட்டுக்கொண்டிருந்தன. நான் கூட்டிச் சொல்கிறவன் இல்லை, குறைத்துத்தான் சொல்கிறேன். அந்த மழையில் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டிக்கொண்டே மாரப்பன் மலையேறியிருந்தார். ஒரு வளைவில் குரங்கு ஒன்று அவரைப் பார்த்து, தன் குட்டியின் கண்ணைப் பொத்தியதாம்.

வைப்பர் ரப்பர் கிழிந்து ஓணான் வால் மாதிரித் தொங்கியது. லாரிக்காரர்கள் செய்வதுபோல, தண்ணீர் ஒட்டாமல் வழிந்தோடக் கண்ணாடி முழுக்கப் புகையிலையைத் தேய்த்து வைத்திருந்தார்.

"முதல்ல வைப்பரை மாத்துங்க," என்றார் அம்மா.

"கேட்டதுக்குப் பதில் சொல்லலீங்களே?"

"கல்யாணத்துக்குப் போறீங்களோ, கோவிச்சுக்கிட்டு வீட்டுக்குப் போறீங்களோ, எப்படியும் கீழே இறங்கணுமில்ல?"

மாரப்பன் டிக்கியைத் திறந்தார். புது பிளேடு இரண்டும் பிரிக்காமல் கிடந்தன.

"எப்ப வாங்கினது?"

"நான் எங்கே வாங்கினேன்? வீட்டுல வாங்கிப் போட்டிருக்கா."

மழை கொஞ்சம் அடங்கியிருந்தது. மாரப்பன் டிரைவர் பக்கத்து வைப்பரைத் தூக்கி நிறுத்தினார். கொக்கியின் அடியில் நாக்கு மாதிரி இருந்த பிளாஸ்டிக்கை அழுத்தி, பழைய பிளேடைக் கீழே இழுத்தார். வந்துவிட்டது. வெறும் இரும்புக் கம்பி மட்டும் வானத்தைப் பார்த்து நின்றது.

"அந்தத் தோள்ல இருக்கிற துண்டைக் கொடுங்க," என்றார் அம்மா.

"துண்டு கிடக்கட்டுங்க. நான் சொல்றதைக் கேளுங்க. மச்சான் செத்தப்ப முன்னால நின்னது யாரு? நான். அக்கா பையனுக்கு வேலை வாங்கிக் கொடுத்தது யாரு?"

"நீங்க."

"ஆங்!"

நீளமான பிளேடு இந்தப் பக்கம். கொக்கியில் மாட்டி மேலே இழுத்தார். 'க்ளிக்' என்றது. கம்பியைப் படுக்க வைத்துவிட்டு அடுத்த பக்கம் போனார். பேச்சும் கூடவே போனது. அம்மாவும் போனார்.

அடுத்த கம்பி நின்றது. அடுத்த பிளேடு கழன்றது.

"எனக்கு யாருங்க என்ன செஞ்சாங்க? ஒருத்தர் பேரைச் சொல்லுங்க பார்ப்போம். அம்மா முகம் தெரியாது. அப்பா இருந்தும் இல்லாத மாதிரி. நானா வளர்ந்தேன். நானா கடை வெச்சேன். எனக்குன்னு ஒரு கை…"

என்று சொல்லி, கையை ஓங்கி வீசினார்.

முழங்கை கம்பியில் இடித்தது. ஸ்பிரிங் கம்பி சடாரென்று விழுந்தது.

மாரப்பன் கண்ணை மூடிக்கொண்டார். போச்சு, கண்ணாடி போச்சு. இந்த மழையில் முன்கண்ணாடி இல்லாமல் மலையிறங்கினவன் கிடையாது.

ஆனால் கண்ணாடி உடைகிற சத்தம் வரவில்லை.

கண்ணைத் திறந்தார். கம்பிக்கு அடியில், கண்ணாடிமேல் விரித்து வைத்தபடி அம்மாவின் வலது கை இருந்தது. இரண்டு விரல்களுக்குக் குறுக்கே ஒரு சிவப்புக் கோடு, பார்த்துக்கொண்டிருக்கும்போதே நீலமாகியது.

"ஐயோ! கையை எதுக்குங்க அங்க வெச்சீங்க?"

"கண்ணாடிமேல விரிக்கத் துண்டு கிடைக்கலை."

"எப்ப வெச்சீங்க?"

"நீங்க பேச ஆரம்பிச்சப்ப."

"நான் பார்க்கவே இல்லீங்களே!"

"ஆமா."

"அந்தப் பக்கமும் வெச்சிருந்தீங்களா?"

"அந்தப் பக்கமும்தான். அங்கே விழலை."

மாரப்பன் கம்பியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டார். அம்மா கையை எடுத்து உதறிக்கொண்டார். மாரப்பன் தன் தோளில் இருந்த துண்டை இப்போது எடுத்து, மழைத் தண்ணீரில் நனைத்து நீட்டினார். அம்மா விரல்களில் சுற்றிக்கொண்டார்.

"வலிக்குதுங்களா?"

"வலிக்குது."

சின்ன பிளேடை மாரப்பன் மாட்டினார். இரண்டு தடவை தவறிவிட்டு அப்புறம்தான் 'க்ளிக்' கேட்டது. கம்பியைக் குழந்தையைப் படுக்க வைப்பதுபோலக் கண்ணாடிமேல் படுக்க வைத்தார்.

பிறகு அங்கேயே நின்றார். மழை வலுத்தது. அவர் நகரவில்லை.

"என்ன மாரப்பண்ணா?"

"எங்கக்காவுக்கு இடது கையில ரெண்டு விரல் மடங்காதுங்க."

"எப்ப இருந்து?"

"எனக்கு நெனவு தெரிஞ்ச நாள்லருந்து அப்படித்தான். சின்னதுல எனக்குச் சோத்தை உருட்டிக் கொடுக்கும்போது அந்தக் கையிலதான் தட்டைத் தாங்கிக்குவா. ரெண்டு விரல் மட்டும் நீட்டிக்கிட்டே இருக்கும்."

"என்ன ஆச்சாம்?"

மாரப்பன் வாயைத் திறந்தார். அறுபது வருஷமாக எதற்கும் பதில் வைத்திருந்த வாய் அது. எதிர்க்கடைக்காரர்கள் அதற்குப் பயந்து இரண்டு தடவை கடையை மாற்றியிருக்கிறார்கள்.

"கேட்டதே இல்லீங்களே, அம்மா."

அம்மா விரல்களில் இருந்த துண்டை இறுக்கிக் கட்டிக்கொண்டார்.

மாரப்பன் மழையிலேயே குனிந்து ஒரு கும்பிடு போட்டார். அது குருவுக்கா, யாருக்கு என்று எனக்குத் தெரியாது. கும்பிட்ட திசையில் சேந்தமங்கலமும் இருந்தது.

வண்டியில் ஏறிச் சாவியைத் திருப்பினார்.

"பட்டம் கட்டற நேரம் எப்போ?" என்று அம்மா கேட்டார்.

"அது காலையிலதாங்க. நான் இப்பவே போறேன்."

அம்மா இடது கையால் கேட்டைத் திறந்துவிட்டார்.