அடுக்களைக்கு ஓடிய கேபிள்

"நான் எழுதுறது ஒண்ணு, அது வாங்கிக்கிடுறது ஒண்ணா இருக்கு டீச்சர். என்ன பாவம் செஞ்சேனோ!"

சங்கரபாண்டியன் கேபிள் சுருளை மேசைமேல் பொத்தென்று போட்டார். தபால் ஆபீசில் ஓய்வு பெற்றபிறகு எலக்ட்ரானிக்ஸ் படிக்க வந்தவர். ஜெனிட்டா டீச்சருக்கு அவர் மகள் வயதுதான் இருக்கும். அதனாலென்ன? குரு குருதான்.

"எந்தப் பெட்டி அண்ணாச்சி?"

"அடுக்களைச் சுவத்துல மாட்டியிருக்கே, அதுதான். குழாய்ல தண்ணி வந்தா பாடும்லா."

பாட்டு அவர் மனைவி பிரம்மசக்தியுடையது. அரிசி களையும்போது வாய்க்குள் முனகுவாளே, அந்த மெட்டு. அதை ஸ்வரம் ஸ்வரமாகப் பிடித்துப் பெட்டியின் சிப்பில் எழுதிவைத்தார். "ஐய, என் மானத்தை வாங்காதீங்க" என்று முதல்நாள் அவள் சிரித்த சிரிப்பு இருக்கிறதே, அடடா!

அவள் போய் ஒரு வருஷம் ஆகிறது. போன மழையில் இடி இறங்கிப் பெட்டியும் ஊமையாகிவிட்டது. புதுச் சிப்பு போட்டாயிற்று. பாட்டை மட்டும் ஏற்க மாட்டேன் என்கிறது.

"அது மறுபடி பாடணும் டீச்சர். எனக்கு வேற ஒண்ணும் வேண்டாம்."

"எழுதுற வேகத்தைக் குறைச்சீங்களா?"

"ஆமை கணக்கா குறைச்சுட்டேன்."

"கிரவுண்டு?"

"ஒவ்வொரு சிக்னல் கம்பிக்கும் பக்கத்துலயே கிரவுண்டு கம்பி ஓடுது. நீங்க சொல்லிக்குடுத்தபடிதான்."

டீச்சர் சுருளைப் பிரித்தார். பிரித்தார், பிரித்துக்கொண்டே போனார். வகுப்பறை வாசலைத் தாண்டியும் முடியவில்லை.

"எம்மாடி! இது என்ன அனுமார் வாலா? இவ்வளவு தூரம் போனா சிக்னல் உருக்குலைஞ்சுல்லா போகும்!"

"கம்ப்யூட்டர் முன்னறையில இருக்கு. பெட்டி அடுக்களையில இருக்கு."

"பெட்டியைக் கழத்தி முன்னறைக்குக் கொண்டாங்களேன்."

"அது அவ அடிச்ச ஆணி."

டீச்சர் கேபிளின் முனையைத் திருப்பிப் பார்த்தார்.

"பெட்டியில இதைச் சொருகினது யாரு?"

"எலக்ட்ரீஷியன் பிச்சையா. புதுச் சிப்பு மாட்டினது, இதைக் கழத்தினது எல்லாம் அவன்தான்."

"நீங்க ஏன் சொருகல?"

சங்கரபாண்டியன் கேபிளை மறுபடி சுருட்ட ஆரம்பித்தார். ஒரு வருஷமாக மெஸ் சாப்பாடு. படுக்கையும் முன்னறையில்தான். அடுக்களைக் கதவை அவர் தொட்டதில்லை.

டீச்சர் கட்டிங் பிளேயரை எடுத்தார். ஒரு சாண் விட்டு, நறுக்.

"ஐயோ டீச்சர்!"

மிச்சச் சுருள் குப்பைக்கூடைக்குப் போயிற்று. வெட்டிய முனையில் கனெக்டரைப் பொருத்தினார் டீச்சர். அந்தச் சாண் கேபிளையும் தன் லேப்டாப்பையும் அவர் கையில் கொடுத்தார்.

"கிட்டப் போய்ப் பேசுங்க அண்ணாச்சி."

அன்று சாயங்காலம் சங்கரபாண்டியன் அடுக்களைக் கதவைத் திறந்தார். அவள் கவிழ்த்துவைத்த சொம்பு கவிழ்த்தபடியே இருந்தது. பாவி மனுஷன், ஒரு வருஷத்து அழுகையை நின்றபடியே அழுது தீர்த்தார்.

பிறகு மூக்கைச் சிந்திவிட்டு, கேபிளைத் தன் கையாலேயே சொருகினார்.

எழுதியது எழுதியபடி ஏறியது. சோதித்துப் பார்க்கும் பொத்தானை அழுத்தினார். பெட்டி பாடியது.

மதிலுக்கு அந்தப் பக்கம் குடம் உருண்டது. பக்கத்து வீட்டுச் செல்லக்கனி அரக்கப்பரக்க ஓடிவந்து எட்டிப் பார்த்தாள்.

"அண்ணாச்சி, தண்ணி வந்துட்டா?"

"இல்லம்மா. நான்தான் வந்திருக்கேன்."