பத்து மணிக்கு இறந்தவர்

"எந்த பேக்கப் சாஃப்ட்வேரை நம்புறது டீச்சர்?" என்று கேட்டார் அருமைநாயகம்.

அவருக்கு வயது ஐம்பத்தாறு. ஆஸ்பத்திரி இரத்த வங்கியின் கணினி அவர் பொறுப்பு. அபூர்வ இரத்தவகை உள்ள நூற்றுப் பன்னிரண்டு பேரின் பெயரும் போன் எண்ணும் அதில் இருந்தன. அந்தப் பட்டியல் தொலைந்தால், என்றாவது ஒரு நாள் ஒரு உயிர் போகும்.

டீச்சர் ரஹ்மத்துக்கு முப்பத்துநான்கு. ஆஸ்பத்திரிக்கு வந்து அருமைநாயகத்துக்குக் கணினி கற்றுக்கொடுத்தது அந்தப் பெண்தான்.

"இப்ப என்ன வச்சிருக்கீங்க அண்ணாச்சி?"

"மூணு காப்பி. ஒண்ணு இங்க, ஒண்ணு வீட்டுல, ஒண்ணு வெளியூர் சர்வர்ல. வாராவாரம் நானே திரும்ப எடுத்துப் பாக்கேன். ஒரு வரி குறைஞ்சதில்ல."

"பிறகென்ன?"

"பயம் போகல."

ரஹ்மத் கையை நீட்டினார். "போனைக் கொடுங்க."

கொடுத்தார்.

"மணி பத்து. நீங்க இறந்துட்டீங்க."

"காலங்காத்தால என்ன பேச்சு டீச்சர்!"

ரஹ்மத், ஆய்வக ஊழியர் பொன்செல்வியைக் கூப்பிட்டு ஒரு காலிக் கணினியைக் காட்டினார். "அண்ணாச்சி செத்துட்டார். பழைய கம்ப்யூட்டரும் எரிஞ்சுபோச்சுன்னு வச்சுக்க. பட்டியலை இதுல கொண்டுவா."

பொன்செல்வி அருமைநாயகத்தைப் பார்த்தாள். "சிரிக்காரே டீச்சர்?"

"அது அவர் போட்டோ."

ரஹ்மத்தும் அருமைநாயகமும் கேன்டீனில் போய் உட்கார்ந்தார்கள்.

பத்தே கால் மணிக்கு அருமைநாயகத்தின் போன் ஒலித்தது. திரையில் பொன்செல்வியின் பெயர். அவர் கை நீண்டது. ரஹ்மத் போனைக் கவிழ்த்து வைத்தார்.

"பாஸ்வேர்டு கேக்கா. அது எனக்கு மட்டுந்தான் தெரியும்."

ரஹ்மத் டீயை ஆற்றினார்.

மறுபடி ஒலித்தது. மறுபடியும். முதல் தடவை அருமைநாயகத்தின் முகத்தில் ஒரு பெருமிதம் இருந்தது. ஆறாவது தடவை அது இல்லை.

பதினோராவது அழைப்புக்குப் பிறகு போன் அடங்கிவிட்டது.

அருமைநாயகம் டீயைக் குடிக்காமல் எழுந்து போனார்.

அந்த வாரம் முழுவதும் உட்கார்ந்து, பட்டியலைத் திரும்பக் கொண்டுவரும் வழியை நாலு பக்கம் எழுதினார். பாஸ்வேர்டை உறையிலிட்டு, ஒட்டி, மருத்துவ அதிகாரியின் பீரோவில் வைத்தார். சாவி எங்கே இருக்கும் என்று பொன்செல்விக்குக் காட்டினார்.

அடுத்த திங்கள், பத்து மணிக்கு அவரே வந்து போனை ரஹ்மத்திடம் நீட்டினார்.

"செத்துட்டேன்."

கேன்டீன். இரண்டு டீ.

பத்தே கால். பத்தரை.

"சார்ஜ் இருக்கா பாருங்க."

"முழுசா இருக்கு."

"சிக்னல்?"

"இருக்கு அண்ணாச்சி."

பத்தே முக்காலுக்குப் பொன்செல்வி தாள்களோடு வந்தாள். அவரைத் திரும்பிப் பார்க்காமல் ரஹ்மத்திடம் நீட்டினாள்.

"நூத்திப் பன்னிரண்டு பேர் டீச்சர். சரிபாத்துட்டேன். ஆள் குறையல."

ரஹ்மத் போனை அருமைநாயகத்தின் முன்னால் வைத்தார். "எந்திரிங்க அண்ணாச்சி. பிழைச்சுட்டீங்க."

அவர் போனைத் தொடவில்லை. நாற்காலியில் நன்றாகச் சாய்ந்துகொண்டார்.

"கொஞ்ச நேரம் செத்தே கிடக்கேன் டீச்சர்," என்றவர், இன்னொரு டீ சொன்னார்.