எருமைக்கு வாசித்த நாகசுரம்

இன்னும் கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள். பல் கூசுகிறவர்கள் பின்னால் போய்விடுங்கள், பிறகு என்னைச் சொல்லக் கூடாது.

வெகு காலத்துக்கு முன்னே தென்னம்பாடிச் சீமையை வீரகண்டன் என்று ஒரு ராசா ஆண்டுவந்தான். காலையில் ஒரு புத்தி, மாலையில் ஒரு புத்தி. அவன் சபையில் நாகசுரக்காரன் காளத்தி. கதவைச் சாத்திக்கொண்டு வாசித்தால் தேன்தான். ராசா முகத்தைப் பார்த்துவிட்டாலோ முழங்கால் தாளம் போடும், குழல் பூனையாட்டம் கத்தும்.

சபை அதிகாரி பூவராகனுக்கு அந்த வேலையைத் தன் மருமகனுக்கு வாங்கிக் கொடுக்க ஆசை.

"மகாராஜா, பத்தாம் நாள் இளவரசி கல்யாணம். சம்பந்தி வீட்டார் முன்னால் இவன் பூனை விட்டால்?"

"விட்டால் யானைக் கொட்டடியில் லத்தி அள்ளட்டும். உன் மருமகன் ஊதட்டும்" என்றான் ராசா.

காளத்தி அழுதுகொண்டே மந்திரி செம்பியரிடம் ஓடினான். "ஐயா, ஒரு நாளைக்கு நாற்பது தரம் வாசிக்கிறேன். பாட்டில் ஒரே இடத்தில் தடுக்குது. உடனே முதலிலிருந்து ஆரம்பிக்கிறேன்."

"அப்படியென்றால் ஒரு நாளைக்கு நாற்பது தரம் விழப் பழகுகிறாய். நல்லாயிருக்கிற இடத்தை ஏனப்பா தேய்க்கிறாய்? தடுக்குகிற இடத்தை மட்டும் எடு. ஆமை நடையில் வாசி."

மூன்று நாளில் அந்த இடம் வழுக்கிக்கொண்டு போனது. நாலாம் நாள் மந்திரி அவனை மீன் சந்தைக்கு இழுத்துப் போனார். அங்கே ஓர் எருமை, அதன் கொம்பில் சரிகைத் தலைப்பாகை.

"இதுதான் ராசா. வாசி."

மீன்காரிகள் சண்டை போட்டார்கள். மந்திரி ஏவிவிட்ட நாலு பேர் எதிரே நின்று புளி சப்பினார்கள். புளி தின்கிறவனைப் பார்த்தால் ஊதுகிறவன் வாயில் எச்சில் ஊறிக் குழல் அடைத்துக்கொள்ளும் அல்லவா? அன்றைக்குக் குழலில் அருவியே கொட்டிற்று. ஒன்பதாம் நாள் எருமை கன்னத்தை நக்கியும் காளத்தி ஒரு சுரம் தவறவில்லை.

கல்யாண நாள். பூவராகன் முன்வரிசையில் உட்கார்ந்து, கூடை மாங்காயை உப்பு மிளகாயோடு நறுக் நறுக்கென்று கடித்தார். சம்பந்திக்கு எச்சில் ஊறிற்று. ராசா மூன்று தரம் விழுங்கினான். காளத்தி அசையவில்லை. அந்த இடம் வந்தது. வாய்க்கால் தண்ணீராய் ஓடிற்று.

ராசா கையிலிருந்த தோடாவைக் கழற்றி அவனுக்குப் போட்டான். "என்னைப் பார்த்தும் நடுங்கவில்லையே, எப்படி?"

"ஆறு நாள் எருமைக்கு வாசித்தேன் மகாராஜா, தங்களை நினைத்துக்கொண்டு."

ராசா மந்திரி பக்கம் திரும்பினான். "ரசிகத்தனம் எருமைக்கா, எனக்கா?"

"தங்களுக்குத்தான். அது பாதியில் எழுந்து போய்விடும்."

ராசா வயிறு குலுங்கச் சிரித்தான். "பூவராகா, கூடை காலியா? பழகுகிறவனுக்கு இப்படி ஓர் ஆள் வேண்டும். நாளையிலிருந்து இவன் வாசிக்கும்போதெல்லாம் எதிரே உட்கார்ந்து மாங்காய் தின்."

பூவராகனுக்கு அத்தனை பல்லும் கூச்சம். விருந்தில் சோற்றுப் பருக்கையைக்கூட மெல்ல முடியாமல் இலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். செம்பியர் தம் இலையைத் தூக்கிக்கொண்டு வந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்தார். இருக்கிறதிலேயே பெரிய முறுக்காய்ப் பார்த்து எடுத்து, அவர் காதோரமாய் நறுக்கென்று கடித்தார்.