மூக்கில் பூசிய சந்தனம்

கல்லூரி ராக்கெட் இரண்டாவது தடவையும் பாராசூட் விரியாமல் தரையில் குத்தி நொறுங்கியது.

"உன் தையல்தான் கோளாறு. நாளைக்கும் விரியலேன்னா வேலைக்கு வராதே," என்றார் முதல்வர் வைத்தியலிங்கம். பாராசூட் தைத்தவள் கல்லூரி அட்டெண்டர்; அவளுக்கு அந்த வேலைதான் சோறு.

மறுநாள் கடைசி ராக்கெட். பூஜை போட்டு, மூக்குக்கூம்பு உடம்போடு சேரும் இடுக்கில் முதல்வர் வழக்கம்போலச் சந்தனத்தை அப்பினார். வெயிலில் அது இறுகியது.

"ஐயா, மேலே போனதும் மருந்து வெடிச்சு இந்த மூக்கைத் தள்ளினாத்தான் என் துணி வெளியே வரும். நீங்களே கழற்றிக் காட்டுங்க," என்றாள் அட்டெண்டர்.

முதல்வர் மூச்சுப்பிடித்து இழுத்தார். கூம்பு அசையவில்லை. மாணவர்கள் சிரிப்பை மறைக்கத் தலைகுனிந்துகொண்டார்கள்.

அவள் ஈரத்துணியால் இடுக்கைத் துடைத்தாள். இரண்டே விரலில் கூம்பு கழன்றது.

"இனிமே சந்தனத்தை வால்ல வைங்கய்யா."

அன்று பாராசூட் விரிந்தது. பேப்பரில் முதல்வர் படம் வந்தது. விரிய வைத்தவள் அட்டெண்டர் பேச்சியம்மாள்.