போயிட்டு வாரேன்

ஆவுடையப்ப பிள்ளை வீட்டில் குடியிருந்த தளவாய் இரண்டு மாத வாடகை பாக்கி வைத்திருந்தார். அவர் மனைவி ஆஸ்பத்திரியில் கிடந்தாள். கோர்ட்டு உத்தரவில்லாமல் குடித்தனக்காரரை வெளியேற்ற முடியாது என்பது பிள்ளைக்குத் தெரியும். ஆகவே ஒரு வெள்ளிக்கிழமை காலையில் இரண்டு தடியர்களோடும் ஒரு வெள்ளைத்தாளோடும் வந்து நின்றார்.

“நானே விரும்பிப் போறேன்னு எழுதிக் கையெழுத்துப் போடும், வே.”

தளவாய் பேனாவைத் திறந்தார். “வெள்ளிக்கிழமையும் அதுவுமா, உங்க வாசல்ல ‘போறேன்’னு எழுதணுமா அண்ணாச்சி? உங்க குடும்பத்துக்கு ஆகுமா?”

பூனை குறுக்கே வந்தால் பயணத்தையே நிறுத்துகிற பிள்ளைக்கு முகம் வெளுத்தது. “வாயைக் கழுவும்! ‘விரும்பிப் போயிட்டு வாரேன்’னு எழுதும்.”

தளவாய் அப்படியே எழுதினார். பிள்ளை அவரை வெளியேற்றிக் கதவைப் பூட்டிச் சாவியை எடுத்துக்கொண்டார்.

தளவாய் போட்ட வழக்கில், பிள்ளை சாட்சியாக நீட்டிய அந்தத் தாளை நீதிபதி இரண்டு முறை படித்தார். “திரும்பி வருவேன்னுதானே எழுதியிருக்கார்? காலி செய்றதா எங்கே இருக்கு?”

“ஐயா, அது நான் சொல்லித்தான் எழுதினாரு” என்று பதறினார் பிள்ளை. அத்தோடு ‘விரும்பி’யும் அடிபட்டுப் போயிற்று.

அன்றே பூட்டுத் திறந்தது. தளவாய் ஒற்றைப் பாயை விரித்தார். ஆஸ்பத்திரிக்குக் கிளம்பியபோது இதே வாசலில் ‘போயிட்டு வாரேன்’ என்று சொன்னவள், வழக்கு முடியுமுன்பே போய்விட்டாள்.