கல் சுமந்த மருதியம்மை

கல்லாம்பதி மலையில் துடைப்பப்புல் அறுத்துச் சந்தையில் விற்றுப் பிழைத்தவர் மருதியம்மை. நாள்தோறும் வேலைக்குப் போகுமுன் மூத்தோர் குடிலின் எதிரே நின்று ஒரு சிரட்டை நீர் தெளிப்பார். "சாமி, போயிட்டு வாரேன்" என்பார். அதற்கு மேல் அவருக்கு மந்திரம் ஒன்றும் தெரியாது. இருளர் குடியிருப்பான அந்தப் பதியில் ஒருவர் இறந்தால், ஆற்றிலிருந்து எலுமிச்சை அளவில் ஒரு கல் எடுத்து வந்து குடிலில் வைப்பார்கள். இறந்தவர் அதில் தங்கி மலைச்சாமியோடு சேர்ந்துவிடுவார் என்பது நம்பிக்கை. வைத்த கல்லை அசைக்கக் கூடாது.

அந்த மலையை உடைக்கக் குவாரிக்காரர்கள் வந்தார்கள். அன்று முதல் இருபது ஆண்டுகள் மருதியம்மை மனுவும் கையுமாக அலைந்தார். காலங்காலமாக அங்கே வாழ்ந்ததற்கு ஆதாரம் எங்கே என்றுதான் எல்லா அலுவலகத்திலும் கேட்டார்கள். காட்டில் பிறந்தவரிடம் காகிதம் ஏது? "தொடப்பக்கட்டைக் கலெக்டர் வந்தாச்சு" என்று வாசலில் இருந்தவர்கள் சிரித்தார்கள். லாரியை மறித்ததற்காகப் பதினொரு நாள் சிறையில் வைத்தார்கள். அந்த நாட்களில்தான் அவர் கணவர் காய்ச்சலில் போய்ச் சேர்ந்தார். அவருக்குக் கல் வைத்ததைக்கூட இந்தப் புண்ணியவதி பார்க்கவில்லை. விடுதலையாகி வந்த மறுநாள் காலையிலும் குடிலுக்கு நீர் தெளித்தார்.

கடைசி விசாரணைக்கு நாள் குறித்தார்கள். அன்றும் ஆதாரம் இல்லையென்றால் மலை குவாரிக்குத்தான். அன்று விடிந்ததும் மருதியம்மை குடிலுக்குள் போய், கற்களையெல்லாம் கூடையில் அடுக்கினார். பூசாரியான தம்பி நஞ்சன் வழிமறித்தார்.

"செத்தவங்கள அசைச்சா உனக்கு இங்க கல்லு கெடையாதுக்கா."

"வேண்டாம் தம்பி. மலையே போயிட்டா இவங்க எங்க இருப்பாங்க?"

கூடையைத் தலையில் ஏற்றி இறங்கினார். கழுத்து நொந்தது. வழியில் எங்கும் அவர்களைத் தரையில் வைக்க மனம் வரவில்லை.

"பேப்பர் இல்லீங்கய்யா. எங்காளுங்களையே கூட்டியாந்துட்டேன்" என்று அதிகாரியின் மேசையில் ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார். "இது என் மாமனாருங்க. இது அவரோட அம்மா." கணவரின் கல்லை மட்டும் முந்தானையால் துடைத்து வைத்தார். அதிகாரி எழுந்து நின்றார். இருநூற்றுப் பதினேழு கற்களையும் பதிவு செய்து, தாமே மலையேறி வந்து குடிலைப் பார்த்தார். குவாரிக்குக் கொடுத்த அனுமதி ரத்தானது.

மலை பிழைத்தது. மருதியம்மையின் வாழ்வு தனித்துப் போனது. கற்களை அதனதன் இடத்தில் அவர் திரும்ப வைத்தும் பதி மன்னிக்கவில்லை. ஒன்பது ஆண்டுகள் அவர் கையால் யாரும் தண்ணீர்கூட வாங்கிக் குடிக்கவில்லை. குடிலை நெருங்க விடாததால் தொலைவில் நின்றே நீர் தெளித்துவந்தார். ஒரு மழைக்காலத்தில் அப்படியே கண்மூடினார். புதைத்தார்கள். கல்லெடுக்க யாரும் ஆற்றுக்குப் போகவில்லை.

மூன்றாம் நாள் பூசையில் நஞ்சன்மேல் மலைச்சாமி இறங்கியது.

"வெடிச் சத்தத்துல நானே பயந்து கெடந்தேன்டா. என்னையும் அந்தக் கூடையில தூக்கிட்டுப் போனவ அவ. இந்த மலையில நான் இருக்கறதே அவளாலதான். அவளை ஏண்டா வெளிய நிறுத்தி வெச்சிருக்கே?"

தெளிந்ததும் நஞ்சன் ஆற்றுக்கு ஓடினார். எந்தக் கல்லை எடுப்பதென்று தெரியாமல் தண்ணீரில் உட்கார்ந்து, "அக்கா, வந்துரு" என்று அழுதார். பதியே வந்து அவரோடு நின்று அழுதது. அவர் கையில் தட்டுப்பட்ட கல்லை எடுத்துப் போய்க் குடிலில் வைத்தார்கள்.

தமக்கென்று ஓர் இடம்கூடக் கேளாத அந்த அடியாரைத் தெய்வமே கேட்டு வாங்கித் தன் பக்கத்தில் வைத்துக்கொண்டது. அவர் அன்பு பெரிது.